யாரிடமிருந்து பெற்றோம்? திருப்பருத்திக்குன்றத்தில் கற்ற கணினிப் பாடம்



நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்லர்; அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே வீட்டின் மாடியிலும் கீழுமாக வளர்ந்தோம். ஒரே பள்ளியில் படித்தோம். பின்னர் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் வடிவமைப்புப் படிப்பில் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். ஆதலால் இக்கட்டுரையை ‘நான்’ என்று எழுத எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. செய்த தவற்றிலும் இருவருக்கும் பங்கு உண்டு. அதனால் கற்ற பாடத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு.

எங்கள் தந்தையர் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய அச்சகம் நடத்துகின்றனர். கலியாணப் பத்திரிகை, கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், பள்ளிவாசல் நோட்டீசு ஆகியவையே அங்கே அன்றாட வேலை. பெண் பிள்ளைகள் கணினியில் வரையப் படித்தால் வீட்டிலிருந்தபடியே தொழிலுக்கு உதவலாம் என்பது அவர்கள் எண்ணம். நன்னாவுக்கு மட்டும் ஓர் ஐயம் இருந்தது. “படம் போடுற படிப்பா? உயிருள்ளதை வரையணுமா?” என்று கேட்டார். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வருவதையும், செடி, கொடி, மலர், வடிவியல் கோலங்கள் ஆகியவற்றை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்திருப்பதையும் எடுத்துச் சொன்னோம். “அப்போ கொடியும் பூவும் போடுங்க. அதுக்கே ஆயுசு பத்தாது” என்றார் நன்னா. அந்தச் சொல்லோடுதான் முதல் நாள் வகுப்புக்குச் சென்றோம்.

முதல் நாள் ஆசிரியை எங்களுக்குக் காட்டியது பேனாக் கருவி. இரண்டு புள்ளிகளை வைத்து, ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடியை இழுத்தால், இடையிலுள்ள கோடு வில்லாக வளைகிறது. கை நடுங்கினாலும் கோடு நடுங்குவதில்லை. அந்த வளைகோட்டுக்குப் பெயர் தந்தவர் பியர் பெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் என்றும், அவர் ரெனோ நிறுவனத்தில் கார்களின் உடலை வரைவதற்காக 1960-களில் அதைப் பயன்படுத்தினார் என்றும் ஆசிரியை சொன்னார். காருக்காகப் பிறந்த வளைவைக் கொண்டு நாங்கள் முதலில் வரைந்தது ஒரு மாங்காய். காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் வேறு எதை வரைவார்கள்!

எங்களை எல்லாவற்றையும்விட மயக்கியது, செய்ததை நீக்கும் வசதி. இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால் தவறு மறைந்துவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தைய தவறும் மறைகிறது. தாளில் ரப்பரால் அழித்தால் தழும்பாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. தவறுக்குத் தடயமே இல்லாத ஓர் உலகம் கிடைத்ததாக எண்ணி மகிழ்ந்தோம்.

அவ்வுலகின் இயல்பை எங்களுக்கு முதலில் உணர்த்தியது ஒரு கலியாணப் பத்திரிகை. முதல் பருவத் தேர்வு முடிந்ததும், உறவினர் ஒருவரின் மகள் திருமணத்துக்கு நாங்களே பத்திரிகையை வடிவமைத்தோம். ஓரத்தில் பொன்னிறக் கொடி, நடுவில் பிறை வளைவு, உச்சியில் அரபியில் பிஸ்மில்லாஹ். 300 பிரதிகள் அச்சாகி வந்தன. நன்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இது என்ன எழுத்து? இது பிஸ்மியா?” என்றார்.

அரபு எழுத்துகள் சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வெவ்வேறு உருவம் கொள்பவை. ஒன்றோடொன்று கைகோத்து வலமிருந்து இடமாகச் செல்பவை. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காததால், எழுத்துகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தனித்தனியே நின்றிருந்தன. தமிழிலும் இதே தொல்லை உண்டு. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும். தமிழ் என்றால் உடனே கண்ணில் பட்டிருக்கும். அரபியில், ஓதத் தெரிந்தும், அழகாக இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சரியாயிற்று. ஆனால் அச்சான 300 பத்திரிகைகளை எந்த விசையாலும் நீக்க முடியவில்லை. எழுத்து உடைந்திருந்தாலும் எழுத நினைத்தது இறைவனின் பெயர் என்பதால், அவற்றைக் குப்பையில் சேர்க்க நன்னா இசையவில்லை. தோட்டத்தில் குழி தோண்டி மரியாதையோடு புதைத்தார்.

மென்பொருள் சொன்னதைச் செய்யும். எதைச் செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்வது செய்கிறவரின் பொறுப்பு. இப்பாடத்தை அன்றே முழுதும் கற்றுவிட்டதாக நினைத்தோம். பாதியைத்தான் கற்றிருந்தோம் என்பது மறு ஆண்டு விளங்கிற்று.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு செயல்திட்டம் தரப்பட்டது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் மரபான ஓர் அலங்கார வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, தறியில் நெய்யத்தக்க கணினிக் கோப்பாக மாற்ற வேண்டும். நாங்கள் திருப்பருத்திக்குன்றத்தைத் தேர்ந்தெடுத்தோம். வேகவதி ஆற்றின் கரையில், நகரின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர் அது. பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சமணர்கள் வாழ்ந்த பகுதியாதலால் அதற்கு ஜினகாஞ்சி என்றும் பெயர். பல்லவர் காலத்தில் தோன்றிய திரைலோக்கியநாதர் கோயில் அங்கே உள்ளது. அதன் சங்கீத மண்டபத்தை விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-88-இல் கட்டுவித்தார். அம்மண்டபத்தின் விதானம் முழுவதும் ஓவியங்கள். தீர்த்தங்கரர்களின் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டு, காட்சிகளை விளக்கும் எழுத்துகளும் இடையிடையே எழுதப்பட்டுள்ளன.

அது பிற சமயத்தாரின் வழிபாட்டிடம். காலணியைக் கழற்றிவிட்டு, அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டு, மாணவியராகவே உள்ளே சென்றோம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஓவியங்களிலுள்ள ஆடைகளின் கோடுகளும் கட்டங்களும் பூக்களும் எங்களை ஈர்த்தன. மண்டபத்தைக் கட்டுவித்தவரின் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கிறது. அந்தக் கோடுகளை மல்லாந்து கிடந்து தீட்டிய கைகளின் பெயர், நாங்கள் தேடிப் படித்தவற்றில் எங்கும் இல்லை. அதைப் பற்றி அன்று நாங்கள் பெரிதாக எண்ணிப் பார்க்கவும் இல்லை.

விதான ஓவியங்கள் மங்கியிருந்தமையால் அவற்றிலிருந்து வடிவம் எடுப்பது கடினமாக இருந்தது. அப்போது அவ்வூர்க்காரர் ஒருவர், “டிசைன் போடுறவரு வீட்டுக்குப் போய்ப் பாருங்களேன்” என்று வழி காட்டினார். அவ்வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரும் அவர் துணைவியாரும் இருந்தனர். தறியில் ஏற்றுவதற்கான வடிவங்களைக் கட்டத் தாளில் வரைந்து தருவதே வாழ்நாள் முழுவதும் பெரியவரின் தொழில். “வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க” என்று பாட்டி பாயை விரித்தார். தாத்தா பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே சுருட்டி வைத்த தாள்கள். மயில்கண், மல்லிமொக்கு, தாழம்பூ ரேக்கு, நெளி, இருதலைப்பட்சி என்று ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான சிறு கட்டங்கள். அவற்றில் சில சிவப்பு மையால் நிரப்பப்பட்டவை, சில வெறுமையாக விடப்பட்டவை.

அத்தாளை எப்படிப் படிப்பது என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் என்றால், தாளின் குறுக்கே 240 கட்டங்கள். ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டை. சிவப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் அட்டையில் துளை குத்தப்படும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் விட்டுவிடும். அதனிடையே நாடா ஊடையை இட்டுச் செல்லும். ஒரு கரைக்கு நூற்றுக்கணக்கான அட்டைகள் தேவை. தாத்தா அட்டை குத்தும்போது, பக்கத்தில் அமர்ந்து பாட்டி தாளைப் பார்த்து வரிசை வரிசையாகப் படிப்பாராம். “மூணு எடு, ரெண்டு விடு, ஏழு எடு, ஒண்ணு விடு” என்று அவர் சொல்லிக் காட்டியபோது, மனப்பாடம் செய்த வாய்பாட்டைக் கேட்பதுபோல் இருந்தது.

கேட்கக் கேட்க எங்களுக்கு வியப்பு மிகுந்தது. நாங்கள் கல்லூரியில் ‘பிக்சல்’ என்று கற்றதும் இதுதானே! பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய தறிக்கருவியின் துளையட்டையைப் பார்த்துத்தான், சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்கும் துளையட்டைகளைத் திட்டமிட்டார். நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜானிஸ் லூரி என்னும் பெண்மணி, கணினித் திரையில் துணி வடிவத்தை வரைந்து தறிக்கு அனுப்பும் மென்பொருளை உருவாக்கி, 1968-இல் டெக்சசில் நடந்த உலகக் கண்காட்சியில் அதை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். போட்டோஷாப் வெளிவந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1990-இல்தான். கணினி வரைகலை நெசவாளர் வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தாளி அன்று. நெசவாளர் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்று திரும்பி வந்த உறவு. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியா, அப்ப நம்மாளுதான்” என்று சிரித்தார்.

படிப்புக்காகப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். “எடுத்துக்கங்க, படிக்கிற புள்ளைங்க” என்றார். அவர் தந்த அனுமதி படிப்புக்கு. இதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில் நாங்கள் மறந்தது இதைத்தான்.

தாழம்பூவும் கொடியும் பின்னிய ஒரு கரை வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசிப் படத்தைக் கணினியில் ஏற்றினோம். முதல் முயற்சி படுதோல்வி. படத்தின் விளிம்புகளை மென்மையாகக் காட்டுவதற்காகக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மென்பொருள் சாம்பல் நிறப் புள்ளிகளைச் சேர்த்திருந்தது. கண்ணுக்கு அது அழகு. தறிக்குச் சாம்பல் நிறம் தெரியாது. இழை மேலே இருக்க வேண்டும், அல்லது கீழே இருக்க வேண்டும். பாதி தூக்கிய இழை என்று ஒன்று இல்லை. மேலும், துணியில் ஓர் அங்குலத்துக்குள் வரும் பாவு இழைகளும் ஊடை இழைகளும் எண்ணிக்கையில் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே திரையில் வட்டமாக இருப்பது துணியில் முட்டையாகிவிடும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். பிறகு தானாகவே கோடுகளைப் படியெடுக்கும் வசதியை இயக்கினோம். தாத்தா மூன்று வாரம் குனிந்து அமர்ந்து போட்ட வடிவம், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எங்கள் திரையில் வந்து நின்றது. இதழ்களின் நடுவே ஆங்காங்கே சிறு சிறு புள்ளிகள் இருந்தன. படம் எடுத்ததில் விழுந்த தூசி என்று எண்ணி, ‘சுத்தம் செய்யும்’ கருவியால் அவற்றைத் துடைத்தோம். இப்போது வடிவம் பளிச்சென்று இருந்தது.

சமர்ப்பித்த தாளில் ‘வடிவமைப்பு’ என்ற இடத்தில் எங்கள் இருவரின் பெயரையும் எழுதினோம். பொய் எழுதுகிறோம் என்ற உணர்வு அப்போது எழவில்லை. கணினியில் உழைத்தவர்கள் நாங்கள்தானே என்று நினைத்தோம். துறையில் கண்காட்சி வைத்தபோது எங்கள் பலகையின் முன் கூட்டம் நின்றது. பார்க்க வந்த ஒரு ஜவுளி வியாபாரி, கோப்பைத் தந்தால் பணம் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தார். கோப்பை அன்றிரவே அனுப்பினோம். வரைபலகை ஒன்றை வாங்கிக்கொண்டோம். எங்கள் முதல் சம்பாத்தியம் என்று வீட்டில் எல்லோருக்கும் இனிப்பும் வாங்கினோம்.

அந்த இனிப்பில் ஒரு பெட்டியையும், பெரிதாக அச்சிட்ட வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பருத்திக்குன்றத்துக்குச் சென்றோம். நன்றி சொல்லப் போகிறோம் என்றுதான் நினைத்தோம். தாத்தா தாளை வாங்கி மடியில் விரித்து, “நல்லா இருக்கும்மா” என்றார். பாட்டி அருகில் வந்து அமர்ந்தார். தாளின் ஒரு வரிசையில் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கினார். “மூணு எடு… ரெண்டு விடு… ஏழு எடு…” நான்கைந்து வரிசைகள் அப்படியே சென்றன. பிறகு நிமிர்ந்து, “இது நம்ம பெரியவ கல்யாணத்து வருஷம் போட்ட தாழங்கொடி இல்ல? அப்ப நான் படிச்சதுதானே இது?” என்றார்.

“அதேதான்” என்றார் தாத்தா. பின் ஓர் இதழின்மேல் விரலை வைத்தார். “இங்க மட்டும் மாத்தியிருக்காங்க. நான் போட்ட புள்ளியெல்லாம் எடுத்துட்டாங்க. இப்ப பதினாலு கட்டத்துக்குப் பிடிப்பே இல்லாம சரிகை மேல தொங்கும். கட்டுற பொண்ணுக்கு வளையல்ல மாட்டி இழுத்துக்கும்.”

தூசி என்று நாங்கள் துடைத்தவை, சரிகை இழையைத் துணியோடு பிடித்து வைக்க அவர் கணக்கிட்டு வைத்த புள்ளிகள். அந்த வடிவம் முழுவதிலும் எங்களுடையது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அதுவும் பிழை.

அவர்கள் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. பாட்டி தேநீர் கொண்டுவந்தார். தாளின் கீழ் மூலையில் இருந்த எங்கள் பெயரைத் தாத்தா படித்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் படித்தோம். வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை.

அன்றிரவு பேசினோம். வாதாடினோம் என்பதே சரி. எங்களில் ஒருத்தி சொன்னாள்: “தாழம்பூ யார் ஒருவருக்கும் சொந்தமில்லை. அவரும் தமக்கு முன்னிருந்தவர்களைப் பார்த்துத்தானே போட்டார்?” மற்றவள் சொன்னாள்: “தாழம்பூ எல்லாருக்கும் பொது. அந்தத் தாழம்பூவைப் போட்ட மூன்று வாரம் பொது அன்று.” சட்டத்தைத் தேடினோம். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், புதிய வடிவத்தைப் பதிவு செய்தவருக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை தருகிறது. தாத்தா எதையும் பதிவு செய்தவர் அல்லர். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. வரைந்த மனிதரின் பெயரை அன்று. பதிவுச் சட்டத்தைக் கொண்டு எங்களை ஒருவரும் கேட்க முடியாது என்று தெரிந்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை.

மறுநாள் அத்தாவிடம் சொன்னோம். அவர் எங்களை மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றார். ஹஜ்ரத் கேட்டது ஒன்றே: “படம் எடுக்கும்போது எதற்கென்று சொன்னீர்கள்?” படிப்புக்கு என்று சொன்னோம் என்றோம். “அப்படியானால் அது உங்களிடம் அமானிதமாகத்தான் வந்தது” என்றார். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே ஏற்பட்ட குற்றத்துக்குத் தவ்பா வழி. மனிதனுக்கு உரிய ஹக்கில் கை வைத்தால் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மனமார மன்னிக்க வேண்டும் என்று விளக்கினார். சிறுவயதில் மதரஸாவில் கேட்ட செய்திதான். மற்றவர்களைப் பற்றிய செய்தி என்று அதுவரை நினைத்திருந்தோம்.

ஒன்றன்பின் ஒன்றாகச் சரிசெய்யப் புறப்பட்டோம். வியாபாரியிடம் அத்தாவே பேசினார். வடிவம் பிள்ளைகளுடையது அன்று. பணத்தைத் திருப்பித் தருகிறோம், கோப்பை அழித்துவிடுங்கள் என்றார். அவர் சம்மதித்தார். ஆனால் அதற்குள் இரண்டு இடங்களுக்கு அனுப்பிக் காட்டிவிட்டதாகவும் சொன்னார். 5,000 ரூபாயில் பெரும்பகுதி செலவாகியிருந்ததால் அத்தா கடனாகத் தந்தார். நான்கு மாதம் அச்சக வேலை செய்து அதை அடைத்தோம். ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லி, பெயரைத் திருத்தி மறுபடியும் சமர்ப்பித்தோம். மதிப்பெண் குறைந்தது. அவர் செய்தது நியாயமே.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது திருப்பருத்திக்குன்றத்து வீட்டுத் திண்ணையில் நின்று சொன்னதுதான். தாத்தா முழுவதும் கேட்டார். “கேக்காம எடுத்தீங்க. இப்ப வந்து சொல்லிட்டீங்க. போதும்மா” என்றார். சற்று நேரம் கழித்து, “விக்கிறவங்க கையில இருக்கிறது அந்தத் தொங்குற இழையோடவா?” என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் முகம் அப்போதுதான் வாடியது. பெயர் போனதைவிட, தம் வடிவம் பிழையோடு எங்கேயோ நெய்யப்படலாம் என்பதே அவரை வருத்தியது. அந்தக் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தறியில் ஓடுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டில் எங்களை மயக்கிய அந்த இரண்டு விசைகள் அங்கே எட்டவில்லை.

புறப்படும்போது தாத்தா கேட்டார்: “அந்தப் பெட்டியில எப்படிப் போடுறதுன்னு எனக்கும் காட்டுவீங்களா?”

அன்றுமுதல் விடுமுறை ஞாயிறுகளில் மடிக்கணினியோடு அங்கே செல்கிறோம். அவர் கண்ணில் புரை; கட்டத் தாள் இப்போது சரியாகத் தெரிவதில்லை. திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் ஒவ்வொரு கட்டமும் தெரிகிறது. பாட்டி பழைய தாளைப் பார்த்து “எடு, விடு” என்று படிக்கிறார். நாங்கள் நிரப்புகிறோம். தாத்தா பிழை பார்க்கிறார். தானாகப் படியெடுக்கும் கருவியை இப்போது தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டமாக நிரப்பினால்தான் எந்தப் புள்ளி எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு கோப்பிலும் அவர் பெயரும், அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பதும், நாங்கள் கணினியில் ஏற்றிய நாளும் எழுதப்படுகின்றன. இதுவரை 11 தாள்கள் முடிந்துள்ளன. தாழங்கொடிதான் முதலில் முடிந்தது, புள்ளிகள் அனைத்தோடும்.

இதற்கிடையே இன்னொன்றும் எங்களை உறுத்தத் தொடங்கிற்று. எங்கள் மடிக்கணினியை வாங்கியபோது, விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்களையெல்லாம் பூட்டுடைத்துப் போட்டுத் தந்திருந்தார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம். ஒரு தாத்தாவின் மூன்று வார உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, பல பொறியாளர்களின் பல்லாண்டு உழைப்பைத் திருட்டுப் பிரதியில் இயக்கிக்கொண்டிருந்தோம். அவற்றை நீக்கினோம். கல்லூரி ஆய்வகத்தில் உரிமம் பெற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். வீட்டில் ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்னும் இரண்டையும் பயன்படுத்துகிறோம். முன்னது 1996-லிருந்தும் பின்னது 2003-லிருந்தும் கிடைத்து வருகின்றன. எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம், பிறருக்கும் தரலாம் என்று அவற்றை ஆக்கியவர்களே அனுமதித்துள்ளனர். சில வசதிகள் இல்லைதான். ஒரு கரை வடிவம் போட, ஒரு பத்திரிகை வடிவமைக்க அவை போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும்போது, அதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்பதோடு, எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படத்தையோ கொடியையோ பிள்ளைகள் பெருமையோடு காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கூடவே, யாரிடமிருந்து எடுத்தாய் என்றும் கேளுங்கள். எங்களை அப்படி ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கோப்பு கைவிட்டுப் போயிருக்காது.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியைச் சொல்பவர், தாம் எவரிடம் கேட்டார், அவர் எவரிடம் கேட்டார் என்று பெயர்களைச் சங்கிலியாகச் சொல்லியே செய்திக்கு வருவார். இஸ்னாத் என்னும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் செய்தியின் தரம் குறைந்துவிடும். உஸ்மானியர் காலத்து எழுத்தணிக் கலைஞர்கள், ஆசிரியரிடமிருந்து இஜாஸா பெறும்வரை தம் எழுத்தின் கீழ் கையொப்பமிடுவதில்லை. பெற்றதைப் பெற்றவரிடமிருந்து என்று சொல்வதை ஒரு கலையாகவே வளர்த்த சமூகம் நாம். நொடியில் படியெடுக்கும் கருவிகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இக்காலத்தில், அந்தப் பழக்கம் முன்பைவிட இப்போது நமக்குத் தேவைப்படுகிறது.

சென்ற வாரம் பன்னிரண்டாவது தாளை விரித்தோம். மல்லிமொக்கு. அதன் ஓரத்தில் மங்கிய பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. “இது நான் போட்டதில்லம்மா. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரு போட்டது. அவர் பேரைப் போடுங்க” என்றார் தாத்தா.

போட்டோம். பிறர் உழைப்பை அறிந்து மதிக்கும் உள்ளத்தையும், ஹலாலான சம்பாத்தியத்தையும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக. கைவிட்டுப் போன அந்தக் கோப்புக்காக எங்களை அவன் மன்னிப்பானாக. ஆமீன்.